வானொலியும் சிறு கணினியும்

கற்றல் ஒருவகைக் கல்வி. கேட்டல் மற்றொருவகைக் கல்வி. இவ்வுண்மையை நன்குணர்ந்த திருவள்ளுவர், கல்வியின் சிறப்பை ஓதியதோடு அமையாது, கேள்விக்கும் ஓர் அதிகாரம் வகுத்தருளினார். அவர் கருதிய கேள்வி, கற்றறிந்த சான்றோரின் வாய்மொழியைக் கேட்டல் ஆகும். இக்காலத்தில் நம்மைச் சூழ்ந்து மற்றொரு பேச்சும் ஓயாது நிகழ்ந்துகொண்டிருக்கின்றது. அது வானலைகளின் பேச்சு. விண்ணில் பறக்கும் விமானம் தான் இருக்கும் இடத்தையும் உயரத்தையும் நொடிதோறும் கூறுகின்றது. கடலில் செல்லும் கப்பல் தன் பெயரையும் போக்கையும் அறிவிக்கின்றது. வானிலை ஆய்வாளர் பறக்கவிட்ட பலூன், மேலே செல்லச் செல்லக் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் அளந்து சொல்கின்றது. இப்பேச்செல்லாம் நம் வீட்டுக் கூரையின்மீதும் பள்ளி முற்றத்தின்மீதும் பரவிச் செல்கின்றது. ஆயினும், நாம் அதனைக் கேட்பதில்லை. கேட்கக்கூடும் என்று நினைப்பதும் இல்லை.

இதனைக் கேட்பதற்கு இன்று பெரும்பொருள் வேண்டுவதில்லை. உள்ளங்கையளவான ஒரு கணினியும், விரலளவான ஒரு செருகியும், ஒரு முழக் கம்பியும், அவற்றை இயக்கும் மென்பொருளும் போதும். இவை ஒவ்வோர் உயர்நிலைப் பள்ளியிலும் இடம்பெறல் வேண்டும். மாணவர் இவற்றைத் தம் கையாலேயே அமைத்துப் பயிலல் வேண்டும். இதுவே என் கருத்து. இதற்குரிய காரணங்களை ஈண்டு ஆராய்வோம்.

வானொலிக் கலை மிகப் பழையதன்று. 1894 முதல் 1896 வரையுள்ள ஆண்டுகளில் கல்கத்தா நகரில் ஜகதீச சந்திர போஸ் மிகக் குறுகிய மின்காந்த அலைகளை உண்டாக்கி, கம்பியின் துணையின்றிச் சுவருக்கு அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். 1901ஆம் ஆண்டில் மார்க்கோனி அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் செய்தி அனுப்பினார். 1924ஆம் ஆண்டில் சென்னை மாநகரில் ஆர்வலர் சிலர் ஒரு வானொலிக் கழகம் நிறுவி, அவ்வாண்டு ஜூலைத் திங்களிலேயே ஒலிபரப்பத் தொடங்கினர். ஆர்வம் ஒன்றையே துணையாகக் கொண்டு எழுந்த முயற்சி அது.

அக்காலத்து வானொலிப் பெட்டியைத் திறந்து பார்த்தவன் அதன் உறுப்புகளைக் கண்ணாரக் கண்டான். மின்சுருளும் மின்தேக்கியும் சேர்ந்து வேண்டிய நிலையத்தைத் தெரிந்தெடுத்தன. வால்வு ஒன்று அலையிலிருந்து ஒலியைப் பிரித்தது. மற்றொன்று அவ்வொலியைப் பெருக்கியது. எந்த உறுப்பு எத்தொழிலைச் செய்கின்றது என்பது வெளிப்படையாக விளங்கிற்று. ஆயின், அதில் ஒரு குறையும் இருந்தது. உறுப்பு மாறினாலன்றித் தொழில் மாறாது. மத்திய அலைக்கென அமைந்த பெட்டி பண்பலையை ஏற்காது. பண்பலைக்கென அமைந்த பெட்டி விமானத்தின் செய்தியை அறியாது. பின்னர் நுண்சில்லுகள் வந்தன. பெட்டி சிறுத்தது; விலை குறைந்தது; உள்ளே நடப்பதோ மறைந்தது. திறந்து பார்ப்பவன் கண்ணுக்கு ஒரு கருந்துண்டே புலப்பட்டது. வானொலியைப் பயன்படுத்துவோர் பெருகினர். அதனை அறிந்தோர் அருகினர்.

இந்நிலையில் ஒரு புதிய எண்ணம் பிறந்தது. மின்சுருளும் மின்தேக்கியும் வால்வும் செய்யும் தொழிலைக் கணக்கே செய்தால் என்ன என்பதே அவ்வெண்ணம். அலையை எண்களாக மாற்றிவிட்டால், தெரிந்தெடுத்தலும் பிரித்தலும் பெருக்குதலும் கூட்டல் பெருக்கல் கணக்குகளாகவே முடியும். தொழில் மாற வேண்டின் உறுப்பை மாற்ற வேண்டுவதில்லை. கணக்கை மாற்றினாற் போதும். இத்தகைய வானொலியை மென்பொருள் வானொலி என்பர். 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அமெரிக்க அறிஞர் ஜோசப் மிட்டோலா இப்பெயரை வழங்கி இவ்வெண்ணத்தை விளக்கினார். 2001ஆம் ஆண்டில் குனூ ரேடியோ என்னும் மென்பொருள் முயற்சி தோன்றியது. அதனை எவரும் விலையின்றிப் பெறலாம், அதன் உள்ளமைப்பைப் படிக்கலாம், திருத்தவும் செய்யலாம். ஆயினும், அலையை எண்ணாக மாற்றும் கருவியின் விலை மிகுதியாக இருந்தமையால், எளியோர்க்கு அஃது எட்டாக்கனியாகவே இருந்தது.

2012ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் இரு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. ஒன்றற்கொன்று தொடர்பில்லாத அவ்விரண்டும் சேர்ந்து அத்தடையை நீக்கின.

முதல் நிகழ்ச்சி ஒரு கண்டுபிடிப்பு. கணினியில் தொலைக்காட்சி காண்பதற்கென ஐரோப்பியக் கடைகளில் விரலளவான செருகி ஒன்று விற்கப்பட்டு வந்தது. அதனுள் இருந்தது ரியல்டெக் நிறுவனத்தாரின் ஒரு சில்லு. லினக்ஸ் மென்பொருளுக்கு உழைத்து வந்த ஆன்டி பாலோசாரி என்பார் அதனை ஆராய்ந்தார். பண்பலை வானொலியைக் கேட்கும்பொழுது அச்சில்லு ஒலியைத் தானே பிரிக்காமல், அலையின் அளவுகளை வெறும் எண்களாகக் கணினிக்கு அனுப்பிவிடுகின்றது என்பதை அவர் கண்டார். அங்ஙனமாயின், அது தொலைக்காட்சிக் கருவி மட்டும் அன்று; எல்லா அலைக்கும் உரிய கருவி! ஆஸ்மோகாம் என்னும் குழுவினர் அதற்குரிய மென்பொருளை விரைவில் எழுதி எல்லோர்க்கும் வழங்கினர். பெருந்தொகைக்கு விற்ற ஒரு வசதி, இருபது டாலர் அளவிலான பொருளுக்குள் உறங்கிக் கிடந்தது. ஆராயும் கண்ணே அதனை எழுப்பிற்று.

இரண்டாம் நிகழ்ச்சி ஒரு கருவியின் வருகை. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில், கணினி அறிவியல் பயில விரும்பி வந்த மாணவரிடையே நிரல் எழுதும் பழக்கம் முன்னைவிடக் குறைந்து வருவதை எபன் அப்டன் முதலிய ஆசிரியர் சிலர் கண்டனர். முந்திய தலைமுறையினரின் வீட்டுக் கணினி, இயக்கியவுடன் நிரல் எழுதுக என்று அழைத்தது. பிந்திய தலைமுறையினர்க்குக் கிடைத்த விளையாட்டுப் பெட்டியோ, விளையாடுக என்று மட்டுமே சொல்லிற்று. ஆதலின், சிறுவர் அச்சமின்றித் தொட்டுப் பயிலத்தக்க மலிவான கணினி ஒன்று வேண்டும் என அவ்வாசிரியர் துணிந்தனர். அதன் பயனாக ராஸ்பெர்ரி பை என்னும் ஒற்றைப் பலகைக் கணினி 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் உடைய அப்பலகையின் விலை 35 டாலர். அதன் பின்னர் வந்த வடிவங்களோடு சேர்த்துக் கோடிக்கணக்கான பலகைகள் உலகெங்கும் விற்றுள்ளன.

இவ்விரண்டும் இணைந்து வேலை செய்யும் முறையைச் சிறிது காண்போம். கம்பியில் வந்து சேரும் அலையைச் செருகி நொடிக்கு 24 இலட்சம் முறை அளக்கின்றது. ஒவ்வொரு முறையும் அஃது இரண்டு எண்களைத் தருகின்றது. வரைபடத் தாளில் முதலெண்ணைக் கிடையாகவும் இரண்டாம் எண்ணை நெடுக்கையாகவும் கொண்டு ஒரு புள்ளி இடுவதாகக் கருதுக. தாளின் நடுவிலிருந்து அப்புள்ளி எவ்வளவு தொலைவில் உள்ளது? செங்கோண முக்கோணத்தைப் பற்றிய பித்தாகரஸ் தேற்றம் அதனைக் கூறும். அத்தொலைவே அலையின் வலிமை. வலிமை மாறும் வகையைத் தொடர்ந்து குறித்தால், மத்திய அலை வானொலியின் குரல் வெளிப்படும். இனி, அப்புள்ளி நடுவினின்று எந்தக் கோணத்தில் உள்ளது என்று காண்க. அக்கோணம் ஒவ்வோர் அளவுக்கும் எவ்வளவு திரும்பியது என்று குறித்தால், பண்பலை வானொலியின் இசை வெளிப்படும். எட்டாம் ஒன்பதாம் வகுப்புகளில் மனப்பாடம் செய்து மறந்துவிடும் தேற்றமும் கோணமும் இங்கே பாடுகின்றன, பேசுகின்றன. கணிதத்தின் பயன் யாது என வினவும் மாணவனுக்கு இதைவிடத் தெளிவான விடை வேறு உண்டோ?

பல நிலையங்களை ஒருங்கே கண்ணால் காணவும் இக்கணக்கு உதவுகின்றது. கலந்து வந்த அலைகளைத் தனித்தனி அதிர்வெண்களாகப் பகுக்கும் முறையை ஃபூரியே என்னும் பிரெஞ்சு அறிஞரின் பெயரால் வழங்குவர். 1024 அளவுகளை நேர்முறையில் பகுக்கப் பத்திலட்சத்துக்கு மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். 1965ஆம் ஆண்டில் கூலி, டூக்கி என்னும் இருவர் வெளியிட்ட விரைவு முறையால் அது பதினாயிரம் அளவில் முடிந்துவிடுகின்றது. இவ்வழி இல்லையேல், உள்ளங்கைக் கணினி இவ்வேலையை நினைத்தும் பார்க்க இயலாது. வலிமையைப் பெருக்குவது ஒரு வழி. வேலையைச் சுருக்குவது மற்றொரு வழி. இரண்டாவதே அறிவின் வழி.

சிறு கணினிக்கு எல்லை உண்டு என்பதை மறுத்தற்கில்லை. அலைகளைப் பல வண்ணப் படமாகத் திரையில் ஓடவிடும் பெரிய நிரல்கள் பழைய பலகைகளைத் திணற அடிக்கும். பலகை சூடேறி வேகம் குன்றும். இதற்கு அறிவுடையோர் கண்ட வழி வேலைப் பங்கீடு. சிறு கணினியைக் கூரையின்மேல் ஏரியலின் அடியிலேயே வைத்துவிடுவர். அங்கு ஒரு சிறு நிரல், செருகி தரும் எண்களை அப்படியே வலையமைப்பின் வழியாகக் கீழேயுள்ள பெரிய கணினிக்கு அனுப்பும். நீண்ட கம்பியில் அலை மெலிந்து கெடும். எண்ணாக மாறியபின் எத்துணைத் தொலைவு சென்றாலும் கெடாது. இங்குச் சிறுமையே சிறப்பாகின்றது. பெரிய கணினி ஏற முடியாத இடத்தில் சிறிய கணினி அமர்ந்து தொண்டாற்றுகின்றது.

இனி, கேட்டுப் பயன்பெறத்தக்கவை யாவை எனக் காண்போம். விமானங்கள் தம் இருப்பிடத்தை 1090 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அறிவிக்கின்றன. ஒரு செய்திக்கு 112 இலக்கங்கள். அதனைச் சொல்லி முடிக்க ஒரு நொடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கைவிடச் சற்றே மிகுந்த நேரம் ஆகும். இதனைப் படிப்பதற்கு டம்ப் 1090 என்னும் நிரலை இத்தாலிய நாட்டுச் சால்வட்டோரே சான்ஃபிலிப்போ 2012ஆம் ஆண்டில் எழுதினார். இதற்கு ஏரியல் எவ்வளவு நீளம் வேண்டும்? 300ஐ 1090ஆல் வகுத்தால், அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் காற்பங்கு ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். அவ்வளவு கம்பியை நறுக்கி உயர்ந்த இடத்தில் நிறுத்தினால், கண்ணுக்கெட்டாத் தொலைவில் பறக்கும் விமானங்கள் பள்ளியின் வரைபடத்தில் நகர்வதைக் காணலாம்.

விண்வெளியிலிருந்தும் செய்தி வருகின்றது. பன்னாட்டு விண்வெளி நிலையத்திலுள்ளோர் பள்ளி மாணவரோடு உரையாடும்பொழுது 145.8 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அவர்தம் குரலை நேரே கேட்கலாம். அமெரிக்க நாட்டு நோவா 15, 18, 19 என்னும் வானிலைத் துணைக்கோள்கள் பல்லாண்டுகளாக 137 மெகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் மேகப் படங்களை எளிய முறையில் அனுப்பி வந்தன. உலகெங்கும் எண்ணற்ற மாணவர் அப்படங்களைத் தம் கருவியால் பெற்று மகிழ்ந்தனர். 2025ஆம் ஆண்டில் அம்மூன்றும் ஓய்வு பெற்றன. பழைய முறையில், அப்படத்துக்கென்றே ஒரு பெட்டி செய்து வைத்திருந்தவன் அன்றே அதனைக் குப்பையில் எறிய வேண்டியிருந்திருக்கும். மென்பொருள் வானொலியை உடையவனோ, அதே வட்டாரத்தில் இலக்க முறையில் படம் தரும் ரஷ்ய நாட்டு மீட்டியோர் வரிசைத் துணைக்கோள்களுக்கு உரிய நிரலை ஏற்றிக்கொண்டான். கம்பியும் செருகியும் பலகையும் மாறவில்லை. கணக்கு மட்டுமே மாறியது. கருவி பழையதாகும், கற்ற கணக்குப் பழையதாவதில்லை.

இவை எல்லாவற்றினும் வியப்புக்குரியது ஒன்றுண்டு. விண்மீன்களின் இடைவெளியில் பரந்து கிடக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் 1420.4 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் மெல்லிய அலை ஒன்றை வீசுகின்றன. அதன் நீளம் 21 சென்டிமீட்டர். இவ்வாறு ஓர் அலை இருத்தல் வேண்டும் என 1944ஆம் ஆண்டில் டச்சு அறிஞர் வான் டி ஹல்ஸ்ட் கணித்துரைத்தார். 1951ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் யுவென், பர்செல் என்னும் இருவர், ஆய்வகத்துச் சன்னலுக்கு வெளியே கொம்பு வடிவான ஏரியலை நீட்டி அதனைக் கேட்டனர். அன்று பேரறிஞர்க்கே வாய்த்த அக்காட்சி, இன்று தகரத்தாலான ஒரு கொம்பும், நல்லதொரு பெருக்கியும், இச்செருகியும், சிறு கணினியும் கொண்டு முயலும் மாணவர்க்கும் வாய்க்கின்றது. அதிர்வெண் சற்றே கூடியும் குறைந்தும் வருவதைக் கொண்டு, நம் பால்வீதி மண்டலம் சுழல்கின்றது என்பதை அவர்கள் நேரே அறிகின்றனர். பள்ளியின் மொட்டை மாடியிலிருந்து பால்வீதியை அளத்தல் எத்துணைப் பெரிய செயல்!

இக்கருத்தை மறுப்போரும் உளர். கைப்பேசியைத் திறந்தால் விமானம் செல்லும் வழியும் மேகத்தின் படமும் நொடியில் தெரிகின்றனவே, இத்துணைப் பாடு எதற்கு என்பர். அவர்கள் ஒன்றை மறந்தனர். கைப்பேசி காட்டும் விமானப் படங்களில் பெரும்பகுதி, பல நாடுகளில் ஆர்வலர் தம் வீட்டுக் கூரையில் நிறுவிய இத்தகைய சிறு கருவிகள் திரட்டித் தந்த செய்தியே ஆகும். ஒருவர் நட்ட மரத்தின் கனியை மற்றொருவர் உண்கின்றார். உண்பது குற்றமன்று. ஆனால், எல்லோரும் உண்பவராகவே இருந்துவிட்டால் நடுபவர் யாவர்? கிரேக்க நாட்டில் தோன்றிய சாட்நாக்ஸ் என்னும் கூட்டுறவு வலையமைப்பில், இத்தகைய பலகையும் செருகியும் உடைய தரை நிலையங்களைப் பல நாட்டவர் இணைத்துத் துணைக்கோள்களின் செய்தியைத் திரட்டி உலகுக்குப் பொதுவாக வழங்குகின்றனர். அக்கூட்டத்தில் ஒரு பள்ளியும் உறுப்பாகலாம். அங்கு வயதும் பட்டமும் கேட்பாரில்லை.

தேர்வுக்கு உதவாத பாடத்தில் காலத்தைச் செலவிடுதல் தகுமோ என வேறு சிலர் கேட்பர். அலையும் அதிர்வெண்ணும் தேர்வில் இடம்பெறாதனவா? தேற்றமும் கோணமும் இடம்பெறாதனவா? நூலில் உள்ளதை நூலுக்கு வெளியே கண்டவன் அதனை மறப்பதில்லை. செலவை எண்ணி அஞ்சுவோர்க்கும் ஒன்று கூறுவேன். பலகையும் செருகியும் கம்பியும் சேர்ந்தாலும் அவற்றின் விலை சாதாரணக் கைப்பேசி ஒன்றன் விலைக்கு மேற்படாது. அதனை ஒரு வகுப்பே பயன்படுத்தலாம். ஒரு நாளன்று, பல்லாண்டுகள் பயன்படுத்தலாம்.

இக்கருவியின் குறைகளும் கல்வியே ஆகும். அருகிலுள்ள வலிய நிலையம் தொலைவிலுள்ள மெலிந்த நிலையத்தை அமுக்கிவிடும். எட்டு இலக்க அளவுக்கு அத்துணையே ஆற்றல். கணினிப் பலகையும் அதற்கு மின்சாரம் தரும் பெட்டியும் தாமே இரைச்சலை எழுப்பிச் செய்தியைக் கெடுக்கும். அப்பொழுது மாணவன் என் செய்வான்? நீட்டுக் கம்பியால் செருகியைப் பலகையினின்று விலக்கிப் பார்ப்பான். மின்பெட்டியை மாற்றிப் பார்ப்பான். ஏரியலை உயர்த்திப் பார்ப்பான். ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றி, விளைவைக் குறித்து, காரணத்தைத் துணிவான். அறிவியல் முறை என்பது இதுவன்றி வேறு யாது? பொத்தானை அழுத்தியவுடன் எல்லாம் நிகழும் கருவி பொறுமையைக் கற்பிப்பதில்லை. இக்கருவி கற்பிக்கின்றது.

ஆயினும், கேட்பதற்கும் ஓர் ஒழுக்கம் உண்டு. வானலை எல்லோர்க்கும் பொதுவாயினும், அதில் செல்லும் செய்தி அனைத்தும் நமக்குரியன அல்ல. பிறர்தம் தனிப்பேச்சை ஒட்டுக்கேட்டல் இழிசெயல். பல நாடுகளில் குற்றமும் ஆகும். எவற்றைக் கேட்கலாம், எவற்றைக் கேட்கலாகாது என்னும் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அதனை ஆசிரியர் முன்னரே கேட்டறிந்து மாணவர்க்கு உணர்த்தல் வேண்டும். இச்செருகி அலையை ஏற்குமேயன்றி அனுப்பாது. அலையை அனுப்ப விழைவோர் தேர்வெழுதி அரசின் உரிமம் பெறுதல் வேண்டும். விமானமும் கப்பலும் நம்பியிருக்கும் வானில் கட்டுப்பாடின்றிக் கூவுதல் உயிருக்கே ஊறு விளைக்கும். ஆற்றலைக் கற்பிக்கும்பொழுதே அடக்கத்தையும் கற்பித்தல் நல்லாசிரியரின் கடமை.

ஒரு நாட்டின் அறிவுச்செல்வம் அந்நாட்டார் வாங்கும் கருவிகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுவதன்று. கருவியின் உள்ளே நடப்பதை அறிந்தோரின் எண்ணிக்கையால் அளக்கப்படுவது. தொலைக்காட்சிச் செருகியைக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தியிருக்கலாம். அது வேறு எதற்கு உதவும் என்று வினவியவர் மிகச் சிலரே. அச்சிலரின் வினாவே உலகுக்கு ஒரு புதிய வானொலியைத் தந்தது. அத்தகைய வினா நம் பள்ளிகளிலும் பிறத்தல் வேண்டும். மூடிக் கிடந்த வானொலிப் பெட்டியை மென்பொருள் மீண்டும் திறந்துவைத்துள்ளது. அதன் உள்ளே எட்டிப் பார்ப்பதற்கு வேண்டுவன ஒரு சிறு பலகையும், ஒரு சிறு செருகியும், தளராத ஆர்வமுமே. பலகையையும் செருகியையும் பள்ளி தரட்டும். ஆர்வத்தை மாணவர் தருவர்.